இருபது சொல்லில் ஒன்று: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், கேப் டவுனில் பியானோ வாசித்துப் பிழைக்கும் என் கதையை எழுதியபோது, "இப்போது ஓர் அஃப்ரிகான்ஸ் நாவலை மேடைக் கபரெட்டாக மாற்றிக்கொண்டிருக்கிறோம்" என்று போகிற போக்கில் ஒரு வரி சொல்லியிருந்தேன். அஃப்ரிகான்ஸ் தென்னாப்பிரிக்காவில் பேசும் மொழிகளில் ஒன்று. மற்ற எதைப் பற்றியும் ஒருவரும் கேட்கவில்லை. அந்த ஒரு வரிக்கு மட்டும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஆசிரியர் எல்லாவற்றையும் கட்டாகக் கட்டி அனுப்பி, "ஆரம்பித்தது நீங்கள், முடிப்பதும் நீங்கள்" என்று எழுதியிருந்தார். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்திருக்கிறேன். மற்றபடி யார் மனத்தையும் புண்படுத்தும் நோக்கமில்லை; புண்பட்டால் அது பழக்கதோஷம்.

கே: காபரே என்றால் பழைய திரைப்படங்களில் வில்லனின் மாளிகையில் நடக்கும் ஆட்டம்தானே, சகோதரி? ஒரு நாவலை அதில் எப்படி ஆட முடியும்? (ஓய்வுபெற்ற தமிழாசிரியர்)

ப: ஐயா, கண்ணாடிக் குவளையும் சிவப்பு விளக்குமாக அந்த ஆட்டத்தைப் பார்த்து வளர்ந்தவள்தான் நானும். இங்கு வந்து முதன்முதலாக "கபரெட்டுக்குப் பியானோ வாசிக்க வருகிறாயா" என்று கேட்டபோது, வீட்டில் என்ன சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். அஃப்ரிகான்ஸில் அது காபரே அல்ல, கபரெட். கடைசி 'ட்' நன்றாக ஒலிக்கும். ஒலிப்பைப் போலவே பொருளும் வேறு.

1881இல் பாரிஸின் மோன்மார்த்ர் மேட்டில் 'கறுப்புப் பூனை' என்று பொருள்படும் பெயரில் ஒரு விடுதி திறந்தார்கள். கவிஞர்களும் பாடகர்களும் கூடி, பாடி, ஊரைக் கிண்டல் செய்த இடம் அது. அந்தப் பழக்கம் 1901இல் பெர்லினுக்கும் மியூனிக்குக்கும் போனது. நெதர்லாந்துக்கு அதற்கும் முன்பே போய்விட்டது. டச்சுக்காரர்கள் ஆட்டத்தைக் கழற்றிவிட்டு, ஓர் ஆள், ஒரு பியானோ, பேச்சு, பாட்டு, நையாண்டி என்று ஆக்கினார்கள். அஃப்ரிகான்ஸ் டச்சு மொழியின் வயிற்றில் பிறந்தது. இந்தக் கலையும் அந்தப் பிறந்த வீட்டுச் சீதனம்தான். பெர்லினிலிருந்தும் கொஞ்சம் வாங்கிக்கொண்டார்கள். 1970களின் கடைசியிலிருந்து அதற்கென்றே பாடல்கள் எழுதி, இது இலக்கியமும்தான் என்று வாதாடியவர்களில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் ஹென்னி ஔகாம்ப், சிறுகதைக்காரர்.

உங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால்: தெருக்கூத்தில் கட்டியங்காரன் மட்டும் மேடையில் இருக்கிறான், ராஜா ராணி யாரும் வரவே இல்லை, கதை முழுவதையும் அவனே பேசிப் பாடி முடிக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கபரெட் அதற்குப் பக்கத்து வீடு.

கே: அது எந்த நாவல்? பெயரைச் சொல்லாமல் மூடி மறைப்பது ஏன்?

ப: ஒப்பந்தத்தில் ஒரு கையெழுத்து இன்னும் பாக்கி. அது விழும்வரை அச்சில் பெயர் வரக் கூடாது என்று நாவலாசிரியரின் குடும்பத்தார் கேட்டுக்கொண்டார்கள். கதையைச் சொல்கிறேன். காரூ வறண்ட நிலத்தில், போஃபோர்ட் வெஸ்டுக்குத் தெற்கே, சரக்கு வண்டிகள் மட்டும் எப்போதாவது நிற்கும் ஒரு சிறிய ரயில் நிறுத்தம். அதன் பொறுப்பாளரின் மனைவிதான் கதைசொல்லி. நாற்பது வருடம். கணவர், மூன்று பிள்ளைகள், அந்தப் பிள்ளைகளை உண்மையில் வளர்த்த ஒரு வேலைக்காரப் பெண்மணி, கடைசியில் மூடப்படும் நிறுத்தம். 312 பக்கம். எங்கள் மேடையில் ஒரு நடிகை, ஒரு பியானோ, ஒரு நாற்காலி, ஒரு தோல் பெட்டி.

கே: 312 பக்கத்தை ஒரு மணி நேரத்தில் எப்படி அடக்குகிறீர்கள், அக்கா? நாங்களும் கல்லூரியில் ஒரு நாவலை நாடகமாக்க முயன்று நான்கு மணி நேரத்துக்குக் கீழே இறக்க முடியவில்லை. (நாடகக் குழு மாணவர்)

ப: அடக்குவதில்லை, தம்பி. அடக்கப் பார்த்ததால்தான் உங்களுக்கு நான்கு மணி நேரம் ஆயிற்று.

முதலில் கணக்கைப் பார்ப்போம். நாவலில் ஏறத்தாழ 93,000 சொற்கள். சத்தமாகப் படித்தால் பத்தரை மணி நேரம். படித்துப் பார்த்தேன், மூன்று நாள் தொண்டை கட்டிக்கொண்டது. எங்களுக்குக் கிடைத்த நேரம் 70 நிமிடம். அதில் பதினொரு பாட்டு, பாட்டுக்கு மூன்று நிமிடம். மிஞ்சுவது 37 நிமிடப் பேச்சு. நிமிடத்துக்கு 130 சொல் என்று வைத்தால் 4,800 சொல். ஆக, இருபது சொல்லில் ஒன்றுதான் வண்டி ஏறும். பத்தொன்பது பிளாட்பாரத்திலேயே நிற்கும்.

எங்கள் முதல் வரைவு கதைச் சுருக்கமாக இருந்தது. திருமணம், முதல் பிள்ளை, வறட்சி, இரண்டாவது பிள்ளை, போர், மூன்றாவது பிள்ளை. "அதன் பிறகு" என்ற சொல் நாற்பத்தாறு முறை. இயக்குநர் இருபது நிமிடம் கேட்டுவிட்டு, "பரீட்சைக்கு முதல் நாள் கடையில் விற்கும் நோட்ஸ் இது" என்று சொல்லி எழுந்து காபி போடப் போய்விட்டார். கோபம்தான் வந்தது. ஆனால் காபி வருவதற்குள் அவர் சொன்னது சரி என்று தெரிந்துவிட்டது.

பிறகு நானும் பாடல் எழுதுபவரும் நாவலை மறுபடி எடுத்து, கதையை விட்டுவிட்டு, அந்தப் பெண்மணி பேசும் விதத்தை மட்டும் கவனித்தோம். அவருக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. துக்கம் வந்தால் துக்கத்தைச் சொல்ல மாட்டார். ரயில் நேரத்தைச் சொல்வார். கணவர் இறந்த நாளைப் பற்றி நாவலில் வருவது, அன்று 3.10 சரக்கு வண்டி நாற்பது நிமிடம் தாமதம் என்பதுதான். மகள் கோபித்துக்கொண்டு போன அன்று, வண்டி சரியான நேரத்துக்கு வந்தது என்கிறார். முதல் வாசிப்பில் இதை நான் கவனிக்கவே இல்லை. வறட்டுப் பெண்மணி என்றுகூட நினைத்தேன். இந்த வழக்கம்தான் நாவல். இது மேடைக்கு வந்துவிட்டால் மூன்று பிள்ளைகளில் இரண்டு பேர் வராவிட்டாலும் ஒன்றும் குறையாது. இரண்டு பேரை எடுத்தே விட்டோம்.

ஓர் இடத்தை மட்டும் காட்டுகிறேன். ஏழாம் அத்தியாயத்தில், ஜொகன்னஸ்பர்க் போன மகனிடமிருந்து கடிதம் வருகிறதா என்று ரயிலுக்குக் காத்திருக்கிறார். நான்கு பக்கம். கைகள் பெஸ்கெய்ட்டுக்கு மாவு பிசைகின்றன. இரண்டு முறை சுட்டு உலர்த்தி, காபியில் தோய்த்துத் தின்கிற கெட்டி ரொட்டி அது. அந்த நான்கு பக்கமும் இப்போது ஒரு பாட்டு. பாட்டின் வரிகள் ரயில் நிலையப் பெயர்கள் மட்டுமே, வடக்கிலிருந்து தெற்காக: டெ ஆர், ஹட்சின்சன், த்ரீ சிஸ்டர்ஸ், நெல்ஸ்பூர்ட், போஃபோர்ட் வெஸ்ட். முதல் சுற்றில் வேகமாக, கிட்டத்தட்ட வாய்ப்பாடு போல. இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் மாவு: டெ ஆர், சலித்தாயிற்று, ஹட்சின்சன், மோர் ஊற்றியாயிற்று. மூன்றாம் சுற்றில் மறுபடி பெயர்கள் மட்டும், மெதுவாக. போஃபோர்ட் வெஸ்டுக்குப் பிறகு அவருடைய நிறுத்தத்தின் பெயர் வர வேண்டும். பியானோ அந்த இடத்தை வாசிக்கும். அவர் பாட மாட்டார். மேடையில் மாவு கிடையாது. பெட்டியின் மூடிமேல் மடித்து வைத்த சால்வையைத்தான் பிசைந்துகொண்டிருப்பார். பிசைவது நிற்காது. அவ்வளவுதான்.

கடிதம் வரவில்லை என்று ஒரு வரி எழுதிவிடலாமே என்று பாடல் எழுதுபவர் சொன்னார். எழுதியும் வைத்திருந்தார், நல்ல வரி. அதற்காக நாங்கள் இரண்டு வாரம் பேசிக்கொள்ளவில்லை. வரி போய்விட்டது. அவர் திரும்பி வந்துவிட்டார்.

கே: நாவலாசிரியர் பார்த்தால் கோபப்படுவாரா?

ப: படுவார்.

கே: நாவலில் இல்லாத ஒருவரை மேடையில் புதிதாகச் சேர்க்கலாமா? அது மூலத்துக்குத் துரோகம் இல்லையா?

ப: துரோகம் என்று பார்த்தால் முதல் பக்கத்தைக் கிழித்தபோதே செய்துவிட்டோம். கிறிஸ்டஃபர் இஷர்வுட் 1939இல் வெளியிட்ட பெர்லின் கதைகளை வைத்து 1966இல் நியூயார்க்கில் ஓர் இசை நாடகம் போட்டார்கள். அதன் பெயரே 'காபரே'. அதைப் பார்த்த யாரைக் கேட்டாலும் முகத்தில் வெள்ளை பூசிய அந்த விடுதி அறிவிப்பாளனைத்தான் முதலில் சொல்வார்கள். புத்தகத்தில் அவன் கிடையாது. மேடைக்காகப் பிறந்தவன். புத்தகத்தில் காற்றாகப் பரவியிருந்த ஒரு கெட்ட வாடைக்கு ஓர் உடம்பு வேண்டியிருந்தது, கொடுத்தார்கள்.

இதற்கு நேரெதிர் வழி ஒன்றும் இங்கே உண்டு. எல்சா யூபேர் 1978இல் எழுதிய நாவலில், போப்பி என்ற கறுப்பினப் பெண் தன் வாழ்க்கையைச் சொல்கிறார். அது மேடைக்குப் போனபோது பாட்டுகள் வெளியிலிருந்து வரவில்லை. அந்த மக்கள் கோயிலிலும் சாவு வீட்டிலும் பாடும் பாட்டுகளே வந்தன. லண்டன், நியூயார்க் வரை போயிற்று. அது கபரெட் அல்ல, பாட்டுள்ள நாடகம். அங்கே பாட்டு கதைக்குள்ளிருந்து வரும். கபரெட்டில் பாட்டு கதைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அதைப் பார்த்து ஏதோ சொல்லும். நீங்கள் எடுத்த நாவல் இதில் எதைக் கேட்கிறது என்பது தெரியாமல் மெட்டுப் போட உட்காராதீர்கள். நான் உட்கார்ந்திருக்கிறேன். நான்கு மெட்டு குப்பைக்குப் போயிற்று.

கே: அஃப்ரிகான்ஸில் பாட்டெழுதுவது எளிதா? தமிழ்க் காதுக்கு அது எப்படிக் கேட்கிறது?

ப: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

அஃப்ரிகான்ஸில் 'இல்லை' என்பதற்கான சொல் 'நீ'. ஆமாம், நம் 'நீ' போலவேதான் காதில் விழும். அதுவும் ஒரு முறை சொன்னால் போதாது. வாக்கியத்தின் நடுவே ஒரு முறை, கடைசியில் ஒரு முறை. "நான் அதைப் பார்க்கவில்லை" என்பதற்கு "எக் ஹெட் டிட் நீ ஹெசீன் நீ" என்பார்கள். வந்த புதிதில், எதை மறுத்தாலும் கடைசியில் என்னை நோக்கி விரலை நீட்டி "நீ" என்று முடிக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றும். கறிக்கடையில் "ஈரல் இல்லை, நீ" என்றால் எப்படி இருக்கும்?

பாட்டெழுதுபவருக்கு இது பெரிய தொல்லை. நமக்கு எதுகை அடியின் தொடக்கத்தில் வரும், அவர்களுக்கு இயைபுதான், அடியின் கடைசியில். துக்கப் பாட்டு என்றால் இல்லை, இல்லை என்றுதானே வரும்? ஒவ்வோர் அடியும் 'நீ'யில் முடிந்தால் இயைபு என்று ஒன்றுமே இருக்காது, ஒரே சொல் மணியடித்துக்கொண்டிருக்கும். வழி என்னவென்றால், 'நீ'க்கு முந்தைய சொல்லில் இயைபை வைப்பது. 'சீன் நீ' என்றால் அடுத்த அடி 'டீன் நீ'. பார்ப்பதில்லை, பணிவதில்லை என்பது போல. அடிக் கடைசியில் திரும்பத் திரும்ப வரும் சொல்லுக்கு ரதீஃப், அதற்கு முன்னால் வரும் இயைபுக்குக் காஃபியா என்று கஜலில் பெயர். நம் பழைய பாட்டில் அவை இல்லை, ஆனால் கஜல் கேட்டவர்கள் இது என்ன வித்தை என்று உடனே பிடித்துக்கொள்வார்கள்.

இன்னொரு தொல்லை, செல்லம் கொஞ்சும் விகுதி. எந்தப் பெயர்ச்சொல்லையும் சின்னதாக்கிவிடலாம், பல சொற்களில் அது கடைசியில் 'கி' என்று கேட்கும். லிக்கி, பாட்டுக்குட்டி. பிக்கி, துளிக்குட்டி. ஹார்க்கி, இதயக்குட்டி. பார்த்தீர்களா, எழுதும்போதே இயைபு விழுந்துவிடுகிறது. அவ்வளவு மலிவு. ஒரு பாட்டுக்கு ஒரு 'கி'தான் என்று இயக்குநர் ரேஷன் போட்டுவிட்டார். கேட்பதற்கென்றே அமைந்த, ஆட்டமில்லாத பாட்டு வகை ஒன்று 1970களின் கடைசியில் இங்கே ஓங்கியது. அதன் பெயரிலேயே ஒரு 'லிக்கி' ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த ரேஷனில் அதைச் சேர்க்கவில்லை.

கே: அஃப்ரிகான்ஸில் தமிழ்ச் சொல் உண்டா?

ப: படுத்துக்கொள்வதே நம் சொல்லில்தான். கட்டிலை 'கட்டெல்' என்பார்கள். போர்ச்சுகீசியர், டச்சுக்காரர் கப்பல்களில் ஏறிப் போனது. 'கெர்ரி' என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் மூன்றாவது பாட்டில் கட்டெல் வருகிறது. அந்த இடத்தில் மட்டும் பியானோவை ஒரு மயிரிழை சத்தமாக வாசித்துவிடுகிறேன். இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

கே: அஃப்ரிகான்ஸ் நிறவெறி ஆட்சியின் மொழி. 1976 ஜூன் 16 அன்று சொவெட்டோவில் பள்ளிப் பிள்ளைகள் அந்த மொழித் திணிப்பை எதிர்த்துத்தான் ஊர்வலம் போய்ச் சுடப்பட்டார்கள். அதில் போய்க் கலை செய்ய உங்களுக்குக் கூச்சமாக இல்லையா? (டர்பன் வாசகர்)

ப: இருந்தது. முழுவதும் போய்விட்டது என்றும் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இன்று அஃப்ரிகான்ஸைத் தாய்மொழியாகப் பேசுபவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வெள்ளையர் அல்லர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கேப் டவுன் மதரசாக்களில் அந்த மொழியை அரபு எழுத்தில் எழுதினார்கள். அடிமைகளும் சமையல்காரர்களும் துறைமுகத்தாரும் பேசிப் பேசி டச்சு மொழியை உடைத்து உண்டாக்கிய மொழியை, பிற்காலத்தில் அரசாங்கம் எடுத்துத் தன் கோட்டில் பதக்கமாகக் குத்திக்கொண்டது. அரசாங்கம் போயிற்று. மொழி பேசியவர்கள் இருக்கிறார்கள்.

எங்கள் நடிகையின் பாட்டி கேப் டவுன் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸில் இருந்தவர். 1966இல் அந்தப் பகுதி வெள்ளையருக்கு மட்டும் என்று அறிவிக்கப்பட்டு, பிறகு வீடுகள் இடிக்கப்பட்டு, குடும்பம் கேப் ஃபிளாட்ஸ் மணல்வெளிக்குப் போனது. நடிகை வீட்டில் பேசுவது 'காப்ஸ்' என்கிற அஃப்ரிகான்ஸ். பள்ளிக்கூட அஃப்ரிகான்ஸில் 'நீங்கள், நீ' என்பதில் வரும் 'நீ'க்கு 'யெய்'. காப்ஸில் அது 'ஜெய்'. ஒரே ஓர் எழுத்துதான், ஆனால் ஒருவர் வாயைத் திறந்த மாத்திரத்தில் எந்தத் தெரு என்று சொல்லிவிடலாம்.

நாவலில் அந்த வேலைக்காரப் பெண்மணி 312 பக்கத்தில் பேசுவது நான்கே வாக்கியம். அதில் இரண்டு "ஆமாம், மீசிஸ்", அதாவது "ஆமாம், எஜமானியம்மா". அவருக்கு ஒரு பாட்டுக் கொடுக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆனால் குடும்பத்தார் போட்ட நிபந்தனை, யாரையும் புதிதாகப் பேசவைக்கக் கூடாது என்பது. நடிகைதான் வழி கண்டுபிடித்தார். ஸ்டேஷன்காரரின் மனைவியாகப் பேசும்போது சுத்தமான அஃப்ரிகான்ஸ். பாட ஆரம்பித்ததும் 'யெய்' மெல்ல 'ஜெய்' ஆகிவிடும். ஒரு சொல்லும் மாறவில்லை, ஒரு பாத்திரமும் சேரவில்லை, ஒப்பந்தத்தில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் பாடுவது யார் என்று அரங்கத்தில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும். மற்றப் பாதிப் பேர், நடிகைக்குப் பாடும்போது உச்சரிப்பு சரியில்லை என்று நினைத்துக்கொள்வார்கள்.

கறுப்பினத்தவரைக் குறிக்கும் ஒரு வசைச்சொல்லும் நாவலில் பத்தொன்பது இடத்தில் சர்வசாதாரணமாக வருகிறது. இன்று இந்த நாட்டில் அதை ஒருவரைப் பார்த்துச் சொன்னால் நீதிமன்றம் வரை போக வேண்டியிருக்கும். எடுத்துவிட்டால் கதைசொல்லியை வெள்ளையடித்த மாதிரி ஆகிவிடும். சொல்லவைத்தால், அதைக் கேட்டு வளர்ந்த ஒருத்தியின் வாயில் அதை வைக்கிறோம். கடைசியில், மேடைக்கு வந்த ஐந்து இடத்திலும் அவர் அந்தச் சொல்லுக்கு முன்னால் நிற்பார். நான் இடது கையால் கீழே ஒரே ஒரு பொருந்தாத சுரத்தை அடிப்பேன். அவர் தொடர்வார். மூன்றாவது முறைக்குள் அது என்ன சொல் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்பது எங்கள் நம்பிக்கை. முதல் நாள் முடிந்ததும் ஒரு பெரியவர் வாசலில் நின்ற தன்னார்வலரிடம், "நல்ல நிகழ்ச்சி. அந்த இந்தியப் பெண்மணிதான் ஓர் இடத்தில் திரும்பத் திரும்பத் தப்பாக வாசிக்கிறார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கே: ஒரு நாவலை இப்படி எடுத்துக்கொள்ள அங்கே யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? எங்கள் ஊரில் யாரும் கேட்பதில்லை.

ப: உங்கள் ஊரிலும் கேட்க வேண்டும். தென்னாப்பிரிக்காவில் 1978ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி, எழுத்தாளர் வாழும் காலமும், அவர் இறந்த ஆண்டு முடிந்து 50 ஆண்டுகளும் உரிமை உண்டு. நாடகமாக்குவதும் அந்த உரிமைக்குள் வரும். மேடை உரிமை பதிப்பகத்திடம் இருக்கலாம், எழுத்தாளரின் வாரிசிடம் இருக்கலாம், டால்ரோ என்ற உரிமை அமைப்பு வழியாகவும் போக வேண்டியிருக்கலாம். எங்கள் நாவலில் வாரிசு ஒரு பேத்தி. மூன்று நிபந்தனை: தலைப்பு மாறக் கூடாது, புதிய பாத்திரம் கூடாது, கடைசி அத்தியாயத்தைத் தொடக் கூடாது. வசூலில் பத்து சதவீதம். பணத்தைப் பற்றி ஐந்து நிமிடமும் கடைசி அத்தியாயத்தைப் பற்றி இரண்டு மாதமும் பேசினோம்.

பழைய மெட்டை எடுத்துப் புதிய வரி போடலாமே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அதற்கு இன்னொரு அனுமதி, இன்னொரு இரண்டு மாதம். சொந்த மெட்டே மேல்.

கே: இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்? எங்கே நடக்கிறது?

ப: விழாக்களில். ஔட்ஸ்ஹூர்ன் என்ற ஊரில் 1995 முதல் நடக்கும் கலை விழாதான் அஃப்ரிகான்ஸ் மேடைக்காரர்களுக்குத் திருவிழா. அதன் சுருக்கப் பெயரை அவர்கள் உச்சரிப்பதைக் கேட்டால் "கா-கா-என்-கா" என்றிருக்கும். நான் முதலில் ஏதோ காக்கைக்குச் சோறு வைக்கிறார்கள் என்று நினைத்தேன். அந்த ஊரில் இருப்பது நெருப்புக்கோழி.

பள்ளிக்கூட மண்டபங்கள்தான் அரங்கங்கள். ஒரு குழு முடித்து இறங்கிய பின் அடுத்த குழுவுக்குக் கிடைப்பது நாற்பது நிமிடம். அதனால்தான் எங்கள் மேடைப் பொருள் எல்லாம் ஒரு காரின் பின்பெட்டியில் அடங்கும். தோல் பெட்டிக்குள் சால்வை, நாற்காலி மடக்குவது, மின் பியானோ பின் இருக்கையில் படுத்துக்கொண்டு வரும். கேப் டவுனிலிருந்து ஏறத்தாழ 420 கிலோமீட்டர், ஆர் 62 சாலையில் மாண்டகு, பாரிடேல், லேடிஸ்மித் வழியாக. பியானோவுக்கு சீட் பெல்ட் போட்டதற்காக இயக்குநர் இன்னும் சிரிக்கிறார்.

இரண்டாம் நாள் இரவு எட்டாவது பாட்டின் இரண்டாம் அடியில் மின்சாரம் போயிற்று. இங்கே லோட் ஷெடிங் காலத்தில் அட்டவணை போட்டு மின்சாரத்தை நிறுத்துவார்கள். மண்டபத்து ஜெனரேட்டர் விளக்கை மட்டும் எழுப்பியது, என் பியானோவை எழுப்பவில்லை. என் விரல்கள் கட்டைகளில் தட் தட் என்று தட்டிக்கொண்டிருந்தன, சுரம் இல்லை. நடிகை ஒரு மூச்சு நேரம்கூட நிற்கவில்லை. பாட்டைப் பேச ஆரம்பித்தார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் சொல்வது போல, தாழ்ந்த குரலில். விரல் தட்டும் சத்தம் தண்டவாளம் போலக் கேட்டது என்று பிறகு சொன்னார்கள். 180 பேர் கொண்ட மண்டபத்தில் ஒரு இருமல் இல்லை.

எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் அதே இடத்தில் நாங்களாகவே பியானோவை அணைத்தோம். சுத்தமாக எடுபடவில்லை. முன் வரிசையில் ஒரு சிறுமி தன் அம்மாவிடம், "அந்த டன்னியின் பியானோ கெட்டுவிட்டதா?" என்று கேட்டது மேடைவரை கேட்டது. டன்னி என்றால் அத்தை, சித்தி, மாமி எல்லாம்தான். நான்காம் நாள் ஒழுங்காக வாசித்தேன்.

கே: இதில் வருமானம் உண்டா?

ப: ஆறு காட்சி, நல்ல கூட்டம். குடும்பத்தின் பங்கு, விழாவின் பங்கு, தங்குமிடம், பெட்ரோல் போக என் கைக்கு வந்தது 6,200 ராண்ட். மின்சாரம் போனாலும் பியானோ ஓடுவதற்கு ஒரு பாட்டரிப் பெட்டி வாங்கினேன். 7,000 ராண்ட்.

கே: கடைசி அத்தியாயத்தைத் தொடக் கூடாது என்ற நிபந்தனையை எப்படிச் சமாளித்தீர்கள், அக்கா? நாவலின் முடிவை அப்படியே மேடையில் வைக்க முடிந்ததா?

ப: இந்தக் கேள்வியைக் கேட்டவர் யாரோ, எங்கள் ஒத்திகை அறையின் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்க வேண்டும்.

அந்த அத்தியாயம் 22 பக்கம். நிறுத்தத்தை மூடுகிறார்கள். பெயர்ப் பலகையைக் கழற்ற ஆள் வருகிறான். கதைசொல்லி அவனுக்குக் காபி கொடுக்கிறார், அவன் பெஸ்கெய்ட் தோய்த்துத் தின்கிறான், இருவரும் மழையைப் பற்றிப் பேசுகிறார்கள். வேலைக்காரப் பெண்மணி என்ன ஆனார் என்று ஒரு சொல்லும் இல்லை. படிக்கும்போது கடைசிப் பக்கத்தைத் திருப்பிவிட்டுத்தான் அது உறைக்கிறது: அட, அவர் எங்கே? நாற்பது வருடம் அந்த வீட்டில் இருந்தவர் எங்கே போனார்? புத்தகத்தில் நாம் திரும்பிப் போய் 291ஆம் பக்கத்தில் அவர் கடைசியாகக் கதவைச் சாத்தியதைத் தேடிப் பிடிக்கலாம். மேடையில் திரும்பிப் போக முடியாது. பார்ப்பவர்கள் கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

ஐந்து விதமாகச் செய்து பார்த்தோம். பெட்டியைப் பெயர்ப் பலகையாக வைத்தோம். காபிக் கோப்பைகளை இரண்டுக்குப் பதில் மூன்றாக வைத்தோம். அது அழகாகத்தான் இருந்தது, ஆனால் யாரோ சாமர்த்தியமாக யோசித்தது தெரிந்தது. பேத்தி ஒத்திகைக்கு வந்திருந்தார். நிபந்தனையை மீறிவிட்டோம் என்று சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முடியும்வரை இருந்துவிட்டு, தன் பாட்டி அந்த அத்தியாயத்தை முதலில் வேறு மாதிரி எழுதியிருந்தார் என்றும், வேலைக்காரப் பெண்மணிக்கு அதில் அரைப் பக்கம் இருந்தது என்றும், பாட்டியே அதை அடித்துவிட்டார் என்றும் சொன்னார். கைப்பிரதியைக் காட்டுவீர்களா என்று கேட்டேன். மாட்டேன் என்றார்.

இப்போதைக்கு இப்படி இருக்கிறது: பலகை கழற்றப்படுகிறது, காபி குடிக்கப்படுகிறது, எல்லாம் நாவலில் உள்ளபடி, மேடைக்கு வரும் ஒவ்வொரு சொல்லும் நாவலின் சொல். அதன் பிறகு பதினோராவது பாட்டு, காப்ஸில். முதல் சரணம் தயார். அடுத்த மாதம் ஸ்டெல்லன்போஷில் காட்சி இருக்கிறது, இரண்டாம் சரணத்தின் கடைசி அடி இன்னும் முடியவில்லை. 'நீ'யில் முடிய வேண்டும் என்பது மட்டும் தெரியும். அதற்கு முன்னால் வர வேண்டிய சொல்லைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம். இன்று காலையும் மூன்று சொல்லை எழுதி மூன்றையும் அடித்தோம்.